குளிர் கூரையிலேயே நின்றுவிடுகிறது
வாசகர் கேள்வி – குளிர்பதனப் பொறியாளர் பதில்

கோடை தொடங்கியதும், அமெரிக்காவின் தென் மாநிலங்களில் வாழும் வாசகர்களிடமிருந்து வரும் கடிதங்களில் ஒரே குறை திரும்பத் திரும்பக் காணப்படுகிறது. வண்டியின் பின்னால் இழுத்துச் செல்லும் டிராவல் டிரெய்லரில் ஏசி ஓடுகிறது, சத்தமும் பெரிதாகக் கேட்கிறது, ஆனால் உள்ளே இருப்பவர்கள் வியர்வையில் நனைகிறார்கள் என்பதே அக்குறை. இத்தொழிலில் நெடுநாள் இருப்பவன் என்ற முறையில் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இத்தகைய குறைகளில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் இயந்திரம் அன்று. காற்று போகும் வழியும் திரும்பும் வழியும்தான். அதனால் இம்முறை இப்பகுதி முழுவதையும் அக்கடிதங்களுக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: ஐயா, எங்களிடம் 28 அடி நீளமுள்ள டிரெய்லர் ஒன்று இருக்கிறது. முன்பக்கம் எங்கள் படுக்கையறை, நடுவில் கூடமும் சமையலிடமும், பின்பக்கம் குழந்தைகளுக்கான அடுக்குப் படுக்கைகள். கூரையின் நடுவில் 13,500 பி.டி.யூ. (குளிர்த்திறனின் அளவு) ஏசி ஒன்று மட்டுமே உள்ளது. வெளியே 100 டிகிரி ஃபாரன்ஹீட் அடிக்கும்போது கூடம் ஓரளவு இதமாக இருக்கிறது. ஆனால் பின்னறையின் மேல் படுக்கையில் படுக்கும் என் மகன், நள்ளிரவில் தலையணையை எடுத்துக்கொண்டு கூடத்துக்கு வந்துவிடுகிறான். பழுது பார்க்கும் இடத்தில் காட்டியபோது, கேஸ் குறைந்திருக்கும், புதிய ஏசி போட்டுவிடுங்கள் என்று சொல்லி 1,000 டாலருக்கு மேல் கணக்குக் கொடுத்தார்கள். மாற்றத்தான் வேண்டுமா?
– ஒரு வாசகி, சான் அந்தோனியோ, டெக்சாஸ்

பதில்: சகோதரி, இப்போதைக்கு அந்தப் பணத்தைக் கொடுக்க வேண்டாம். ஏசி குளிரவில்லை என்றதும் ‘கேஸ் போட வேண்டும்’ என்று சொல்வது நம்மிடையே ஊறிப்போன பழக்கம். வீட்டு ஸ்பிளிட் ஏசியில் செம்புக் குழாய்களை ஆள் வந்து இணைத்துத் திருகுவதால், அந்த இணைப்புகளில் கசிவு ஏற்பட்டுக் கேஸ் குறைவது உண்மையாகவே நடக்கக்கூடியதுதான். டிரெய்லரின் கூரை ஏசி அப்படிப்பட்டதன்று. கம்ப்ரசர், வெப்பத்தை வெளியே விடும் கண்டென்சர், அறைக் காற்றைக் குளிர்விக்கும் குளிர்ச்சுருள் ஆகிய மூன்றும் தொழிற்சாலையிலேயே ஒரே வளையமாகப் பற்றவைத்து மூடப்பட்டு வருகின்றன. கேஸ் நிரப்புவதற்கான வால்வே அவற்றில் பெரும்பாலானவற்றுக்குக் கிடையாது. ஆகவே எதையும் அளந்து பார்க்காமல் கேஸ் குறைந்திருக்கும் என்று ஒருவர் சொன்னால், அது ஊகம் மட்டுமே.

அளப்பது எளிது, சமையலறையில் பயன்படுத்தும் ஊசி வடிவத் தெர்மாமீட்டர் இரண்டு போதும். ஏசியை அரை மணி நேரம் முழு வேகத்தில் ஓடவிட்ட பிறகு, ஒன்றை அறைக் காற்றை உள்ளே இழுக்கும் கிரில்லில் ஃபில்டருக்கு அருகிலும், மற்றொன்றை ஏசிக்கு மிக அருகிலுள்ள குளிர்காற்று வென்ட்டிலும் வையுங்கள். இரண்டுக்கும் இடையே 16 முதல் 22 டிகிரி ஃபாரன்ஹீட் வரை வேறுபாடு இருந்தால், இயந்திரம் தன் வேலையைச் சரியாகச் செய்கிறது என்று பொருள். புழுக்கம் மிகுந்த நாளில் இது சற்றுக் குறையலாம். பத்து டிகிரி கூடத் தேறவில்லை என்றால், கூரையில் உள்ள கண்டென்சரின் இதழ்களில் தூசி அடைத்திருக்கிறதா என்று பார்த்த பிறகே இயந்திரத்தைச் சந்தேகிக்க வேண்டும். வேறுபாடு 28, 30 என்று காட்டினால் அதைக் கண்டு மகிழ்ந்துவிட வேண்டாம். காற்று போதிய அளவில் நகரவில்லை, அல்லது குளிர்ந்த காற்றே மறுபடியும் உள்ளே இழுக்கப்பட்டு மீண்டும் குளிர்ந்துகொண்டிருக்கிறது என்பதற்கான அடையாளம் அது. அடுத்து அதே தெர்மாமீட்டரைப் பின்னறை வென்ட்டுக்குக் கொண்டு செல்லுங்கள். நடுவில் 58 டிகிரியாக இருந்த காற்று பின்னறையில் 70 டிகிரியாக வந்து சேர்ந்தால், இடையிலுள்ள 12 டிகிரியை உங்கள் கூரை விழுங்கியிருக்கிறது.

அது எப்படி நடக்கிறது என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். கூரையில் 14 அங்குலச் சதுரத் துளை ஒன்று வெட்டப்பட்டு, அதன் மேல்தான் ஏசி உட்கார்ந்திருக்கிறது. அறையின் வெப்பக் காற்று மேலே போவதும் குளிர்ந்த காற்று கீழே இறங்குவதும் அந்த ஒரே துளை வழியாகத்தான். இவ்விரண்டையும் பிரித்து வைப்பது நடுவிலுள்ள மெல்லிய தகட்டுத் தடுப்பு. அந்தத் தடுப்பின் ஓரங்களில் விரலளவு இடைவெளி இருந்தாலே போதும்: காற்றுக்குக் குறுக்கு வழி கிடைத்துவிடும். வண்டியின் பின்கோடி வரை போய் உங்கள் மகனின் படுக்கையை அடைய வேண்டிய குளிர், அரை அடி தூரத்திலேயே திரும்பி ஏசிக்குள் நுழைந்துவிடும். தடுப்பைக் கடந்த காற்றும், கூரைக்குள் ஓடி அறைகளுக்குக் காற்றைக் கொண்டு செல்லும் வழியான டக்டுக்குள் நேரே போவதில்லை. துளையின் நான்கு பக்கங்களிலும் மேற்கூரைத் தகட்டுக்கும் உட்கூரைப் பலகைக்கும் இடையே தெரியும் பொந்து மூடப்படாமல் இருந்தால், குளிர்காற்றில் ஒரு பங்கு அங்கே புகுந்து, யாருக்கும் பயன்படாமல் வெயில் ஏறிய கூரையைக் குளிர்வித்துக்கொண்டிருக்கும்.

இதைக் கண்டுபிடிக்க வீட்டில் இருக்கும் ஊதுபத்தியே சிறந்த கருவி. ஃபில்டரைக் கழற்றிவிட்டு, ஃபேனை மட்டும் முழு வேகத்தில் ஓடவிட்டு, புகையும் ஊதுபத்தியைக் காற்று இழுக்கும் துளைக்குக் கீழே, ஃபோம் எதிலும் படாதபடி மெல்ல நகர்த்துங்கள். புகை ஒரே சீராக மேலே இழுக்கப்பட வேண்டும். ஓர் ஓரத்தில் மட்டும் அது கலைந்து பக்கவாட்டில் தள்ளப்பட்டால், தடுப்பின் அந்த இடத்தில் குளிர்காற்று கசிகிறது என்று பொருள். பிறகு மின்சாரத்தை நிறுத்தி, வெளி இணைப்பு வயரையும் பிடுங்கிவிட்டு, உட்புறப் பிளாஸ்டிக் மூடியைக் கழற்றுங்கள். டார்ச் அடித்துப் பார்த்தால் இடைவெளிகள் கண்ணுக்கே தெரியும். ஓரங்களை ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்துத் தூசி போக்கி, அலுமினிய ஃபாயில் டேப்பை இழுத்து ஒட்டி, சுருக்கமில்லாமல் விரல் நகத்தால் அழுத்தித் தேயுங்கள். துணி போன்ற சாம்பல் நிற டேப்பை இங்கே ஒட்டக் கூடாது. பெயரில் ‘டக்ட்’ இருந்தாலும், கூரை வெப்பத்தில் அதன் பசை காய்ந்து, ஒன்றிரண்டு கோடைக்குள் உரிந்து தொங்கிவிடும். அப்படித் தொங்கும் டேப்பே டக்டை அடைத்து நிற்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

அடுத்து ஒவ்வொரு வட்ட வென்ட்டையும் கழற்றி உள்ளே கை விட்டுப் பாருங்கள். இதை மட்டும் தவறவிடாதீர்கள். சென்ற ஆண்டு நண்பர் ஒருவரின் டிரெய்லரில் பின்னறை வென்ட்டைக் கழற்றியபோது, உட்கூரைப் பலகையில் துளை முழு வட்டமாக இருந்தது. அதன் மேலுள்ள டக்டில் வெட்டிய துளையோ இரண்டு அங்குலம் தள்ளி விழுந்து, பிறை வடிவத்தில் ஒரு கீற்று மட்டுமே திறந்திருந்தது. உள்ளே ஒரு கைப்பிடி மரத்தூளும் ஃபோம் துணுக்குகளும் கிடந்தன. அந்தப் பிறையைக் கத்தியால் முழு வட்டமாக்கி, பலகைக்கும் டக்டுக்கும் இடையிலிருந்த இடைவெளியைச் சுற்றிலும் ஃபாயில் டேப்பால் மூடினோம். மீண்டும் ஏசியைப் போட்டதும், அதுவரை அசையாதிருந்த சன்னல் திரை ஆடத் தொடங்கியது. கடைசி வென்ட்டுக்கு அப்பாலும் டக்ட் நீண்டு செல்கிறதா என்பதையும் கையால் தடவிப் பார்த்துவிடுங்கள். சில வண்டிகளில் அது பின்சுவர் வரை திறந்தே ஓடும். வென்ட்டைத் தாண்டி இரண்டு அங்குலத்தில் ஃபோம் பலகைத் துண்டு ஒன்றைச் செருகி டேப் ஒட்டிவிட்டால், காற்று கீழே இறங்குவதைத் தவிர வேறு வழி இராது.

கூடத்தில் ஏசியின் அடியிலேயே நேரடியாகக் காற்று விடும் மூடி ஒன்று இருக்கும். பகலில் விரைவாகக் குளிர்விக்க அது உதவும்; ஆனால் அது திறந்திருக்கும் வரை டக்டுக்குள் போதிய காற்று போகாது. இரவில் படுக்கும் முன் அதை முழுவதும் மூடுங்கள். குழந்தைகள் அறையின் கதவுக்கு அடியில் காற்று வெளியேற இடம் இல்லையென்றால், உள்ளே போன காற்று வெளிவர முடியாமல் அடுத்த காற்றையும் தடுத்து நிறுத்தும். கதவின் அடியில் ஓர் அங்குலம் விடுவது, அல்லது கதவைத் திறந்து திரை மட்டும் போடுவது நல்லது. இவ்வளவுக்கும் டேப்பும் ஃபோமும் சேர்த்து 40 டாலருக்கு மேல் செலவாகாது. ஒரு சனிக்கிழமை போதும்.

கேள்வி: பயன்படுத்தாத அறையின் வென்ட்டுகளை மூடிவிட்டால் மற்ற அறைகளுக்கு அதிகக் காற்று வருமா? டக்டுக்குள் சிறிய ஃபேன் பொருத்தினால் பயன் உண்டா?
– ஒரு வாசகர், அட்லாண்டா, ஜார்ஜியா

பதில்: ஒன்றிரண்டு வென்ட்டுகளைப் பாதி மூடலாம், அதற்கு மேல் வேண்டாம். ஒரு டன் குளிர்த்திறனுக்கு நிமிடத்துக்கு ஏறத்தாழ 400 கன அடி காற்று என்பது எங்கள் தொழிலின் பொதுக் கணக்கு. கூரை ஏசிகள் பெரும்பாலும் அதைவிடக் குறைவான காற்றோடுதான் ஓடுகின்றன. குறுகிய டக்டில் ஏற்கெனவே திணறும் காற்றுக்கு வாசல்களையும் அடைத்தால், குளிர்ச்சுருளின் மேல் பனி படியத் தொடங்கும். டக்டுக்குள் வைக்கும் சிறு ஃபேன்களைப் பொறுத்தவரை, ஏசியின் சொந்த ஃபேன் தள்ளும் காற்றோடு ஒப்பிடுகையில் அவற்றின் வலிமை மிகவும் குறைவு. பெரும்பாலும் அவை வழியில் வைத்த தடையாகவே ஆகிவிடுகின்றன. அதே ஃபேனைப் பின்னறைக் கதவருகே தரையில் வைத்து, கூடத்தில் தேங்கும் குளிர்காற்றை அறைக்குள் தள்ளினால் கண்கூடான பயன் கிடைக்கும்.

கேள்வி: கடலோர முகாம் ஒன்றில் தங்கியிருக்கிறோம். மாலையில் நன்றாகக் குளிர்ந்த ஏசி, நள்ளிரவுக்கு மேல் படிப்படியாகக் காற்றுக் குறைந்து, விடியற்காலையில் காற்றே வராத நிலைக்கு வந்துவிடுகிறது. பிறகு கூரையிலிருந்து நீர் கொட்டுகிறது. கூரை ஒழுகுகிறதோ என்று அஞ்சுகிறோம்.
– ஒரு தம்பதியர், கால்வெஸ்டன், டெக்சாஸ்

பதில்: நீங்கள் விவரித்திருக்கும் வரிசையே விடையைச் சொல்லிவிடுகிறது. மழையால் ஒழுகும் கூரை நேரம் பார்த்துக் காற்றைக் குறைக்காது. உங்கள் ஏசியின் குளிர்ச்சுருள் பனிக்கட்டியாகியிருக்கிறது. சுருளின் வெப்பநிலை 32 டிகிரிக்குக் கீழே இறங்கியதும், வளைகுடாக் கடற்கரையின் ஈரக் காற்று அதன் மேல் பனியாகப் படிகிறது; பனி படியப் படிய இதழ்களுக்கு இடையே வழி குறைகிறது; வழி குறையக் குறையச் சுருள் இன்னும் குளிர்ந்து மேலும் பனியைச் சேர்க்கிறது. இப்படி இரண்டு மூன்று மணி நேரத்தில் அது முழுவதும் அடைபட்டுவிடும். பின்னர் அது உருகும்போது, வடிகாலுக்குள் அடங்காத நீர் உட்கூரை வழியாகக் கொட்டுகிறது.

அந்த நேரத்தில் செய்ய வேண்டியது, குளிரூட்டலை நிறுத்திவிட்டு ஃபேனை மட்டும் முழு வேகத்தில் ஒரு மணி நேரம் ஓடவிடுவது. கத்தியாலோ கரண்டியாலோ பனியைச் சுரண்டக் கூடாது. சுருள் ஓட்டையானால் அத்துடன் ஏசியின் ஆயுள் முடிந்துவிடும். மறுநாள் ஃபில்டரை எடுத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள்; வெளிச்சம் ஊடுருவவில்லை என்றால் காற்றும் ஊடுருவாது. சோப்பு நீரில் கழுவி நன்கு உலர்த்திப் போடுங்கள். ஓடும் பருவத்தில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கழுவுவது நல்லது; நாய் வளர்ப்பவர்கள் வாரந்தோறும் கழுவ வேண்டும். ஃபில்டருக்கு மேலுள்ள சுருளின் முகத்திலும் கம்பளி போலத் தூசி ஒட்டியிருக்கக்கூடும். மென்மையான பிரஷால் இதழ்களின் திசையிலேயே நீவி எடுங்கள்.

சத்தம் குறையட்டும் என்று இரவில் ஃபேனை மெதுவான வேகத்துக்கு மாற்றுவதும், தெர்மோஸ்டாட்டை 65 டிகிரிக்கு இறக்கிவைப்பதும் உங்களிடம் பழக்கமாக இருந்தால், அவ்விரண்டையும் இன்றே நிறுத்துங்கள். நள்ளிரவுக்கு மேல் வெளியே வெப்பம் தணிந்துவிடுகிறது, ஈரம் மட்டும் தணிவதில்லை. அந்த வேளையில் குறைந்த காற்றோடு இடைவிடாமல் ஓடும் ஏசி உறைவதில் வியப்பில்லை. ஃபேன் முழு வேகத்திலும், தெர்மோஸ்டாட் 74 டிகிரியிலும் இருக்கட்டும். மெல்லிய உணரி ஒன்று சுருளின் இதழ்களுக்கு இடையே செருகப்பட்டிருக்கும். உறைநிலை நெருங்கினால் கம்ப்ரசரை நிறுத்துவது அதன் பணி. வண்டி குலுங்கியதில் அது நழுவித் தொங்கினால் மீண்டும் செருகிவிடுங்கள். இத்தனையும் சரியாக இருந்தும் பனி படிந்தால், முதல் கடிதத்துக்குச் சொன்ன தடுப்புத் தகட்டின் கசிவைப் பாருங்கள்.

கேள்வி: சென்னையில் எங்கள் படுக்கையறை ஒன்றரை டன் ஏசியில் பத்து நிமிடத்தில் குளிர்ந்துவிடும். இங்கே டிரெய்லரில் 13,500 பி.டி.யூ. ஏசி காலை முதல் மாலை வரை ஓடியும் 85 டிகிரிக்குக் கீழே இறங்க மறுக்கிறது. 15,000 பி.டி.யூ. வாங்கிப் போட்டால் சரியாகுமா?
– ஒரு வாசகர், ஃபீனிக்ஸ், அரிசோனா

பதில்: முதலில் கணக்கை நம் அளவுக்கு மாற்றிக்கொள்வோம். 2,000 பவுண்டு எடையுள்ள பனிக்கட்டி ஒரு நாளில் உருகும்போது இழுத்துக்கொள்ளும் வெப்பமே ஒரு டன் குளிர்த்திறன். அது மணிக்கு 12,000 பி.டி.யூ. ஆகவே உங்களிடம் இருப்பது ஒரு டன்னுக்குச் சற்றே மேல். 15,000 என்பது ஒன்றேகால் டன். கூரைத் துளை பொதுவாக ஒரே 14 அங்குல அளவு என்பதால் புதியது பொருந்திவிடும். ஆனால் கிடைக்கும் கூடுதல் திறன் ஏறத்தாழ 11 விழுக்காடு மட்டுமே. டக்டில் அதைவிட அதிகம் கசிந்துகொண்டிருந்தால், புதிய ஏசி அந்தக் கசிவுக்கே போதாது.

சென்னை அறையோடு டிரெய்லரை ஒப்பிடுவதும் பொருந்தாது. அங்கே ஒன்பது அங்குலச் செங்கல் சுவர். பெரும்பாலும் ஒரு பக்கமோ இரண்டு பக்கமோதான் வெயில் படும். இங்கே சுவரின் கனம் இரண்டு அங்குலம் அளவே. கூரையிலும் நான்கு பக்கங்களிலும் வெயில், தரைக்கு அடியிலும் கொதிக்கும் காற்று. மேலும், வெளி வெப்பம் ஏற ஏற எந்த ஏசியும் திறன் குறையும். ஃபீனிக்ஸில் 112 டிகிரி அடிக்கும் பிற்பகலில், கூரையின் மேல் உட்கார்ந்திருக்கும் கண்டென்சர் வெப்பத்தை எங்கே போய்க் கொட்டும்? அந்த வேளையில் உள்ளே 80 டிகிரி கிடைத்தால், ஏசி நன்றாக உழைக்கிறது என்றே நான் சொல்வேன்.

ஆகவே வெப்பம் நுழைவதைக் குறைப்பதே ஏசியைப் பெரிதாக்குவதற்குச் சமம். குளியலறைக் கூரையில் உள்ள பிளாஸ்டிக் வெளிச்சக் கூண்டுக்கு அடியில் கையை நீட்டிப் பாருங்கள். வெயில் நேராக உச்சியில் இறங்குவதை உணர்வீர்கள். அதற்கும் மற்ற கூரைச் சன்னல்களுக்கும் அளவாக வெட்டிய ஃபோம் மெத்தையைச் செருகிவிடுங்கள். சன்னல்களுக்கு வெள்ளி நிறத்தில் பளபளக்கும் குமிழித் தாளை வெட்டிப் பொருத்துங்கள். வெளிப்புறம் நிழற்துணி கட்ட முடிந்தால் இன்னும் மேலானது, ஏனெனில் கண்ணாடியைக் கடந்து உள்ளே வந்துவிட்ட வெயிலைத் திரும்ப அனுப்புவது கடினம். வண்டியை நிறுத்தும்போது அதிகச் சன்னல்கள் உள்ள பக்கம் மேற்கு நோக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, காலை ஏழு மணிக்கே ஏசியைப் போட்டுவிடுங்கள். பிற்பகல் மூன்று மணிக்குச் சுவர், மெத்தை, அலமாரி என எல்லாம் சூடேறிய பிறகு தொடங்கினால், காற்றை மட்டுமல்ல, அவ்வளவு பொருள்களையும் அது குளிர்வித்தாக வேண்டும்.

கேள்வி: முகாமில் மாலை ஆறு மணிக்கு மேல் ஏசியின் ஃபேன் வேகம் குறைகிறது, கம்ப்ரசர் உறுமிவிட்டு நின்றுவிடுகிறது, சில வேளைகளில் பிரேக்கரும் விழுகிறது. காலையில் எல்லாம் சரியாக இருக்கிறது.
– ஒரு வாசகர், டாலஸ், டெக்சாஸ்

பதில்: எல்லோரும் ஊர் சுற்றிவிட்டுத் திரும்பி, ஒரே நேரத்தில் ஏசியையும் அடுப்பையும் போடும் வேளை அது. முகாமின் பழைய வயரிங்கில் மின்னழுத்தம் இறங்கிவிடுகிறது. 120 வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் 105-க்குக் கீழே போனால் ஏசியை உடனே நிறுத்திவிட வேண்டும். அந்த நிலையில் தொடர்ந்து ஓடும் கம்ப்ரசர் சூடேறி எரிந்துபோகும். சுவர்ச் சாக்கெட்டில் செருகும் சிறு வோல்ட் மீட்டர் ஒன்றை எப்போதும் பொருத்தி வைத்திருங்கள்.

உங்கள் பக்கத்திலும் ஒரு கணக்கு உண்டு. 30 ஆம்ப் இணைப்பு மொத்தம் 3,600 வாட் தருகிறது. ஏசி 13 ஆம்ப், மைக்ரோவேவ் 13 ஆம்ப், மின்சாரத்தில் ஓடும் வெந்நீர்க் கொதிகலன் 12 ஆம்ப் என்று வைத்துக்கொண்டால் 38 ஆகிவிடுகிறது; பிரேக்கர் விழுவது அதன் கடமை. கொதிகலனைக் கேஸுக்கு மாற்றினாலே பிரச்சினையில் பாதி தீரும். மெல்லிய வீட்டு நீட்சி வயரில் டிரெய்லரை இணைக்கவே கூடாது. 30 ஆம்புக்கு 10 கேஜ் வயர் வேண்டும். கம்ப்ரசர் கிளம்பும் நொடியில் இழுக்கும் மின்சாரம், ஓடும்போது இழுப்பதைப் போலப் பல மடங்கு என்பதால், அதைத் தணிக்கும் ‘சாஃப்ட் ஸ்டார்ட்டர்’ பொருத்துவது பயன் தரும்; குறிப்பாகச் சிறிய ஜெனரேட்டரில் ஓட்டுபவர்களுக்கு அது மிகவும் உதவும். ஆனால், இறங்கிப்போன மின்னழுத்தத்தை அது உயர்த்தித் தராது.

கேள்வி: சமைக்கத் தொடங்கினால் ஏசி தோற்றுவிடுகிறது. குக்கரில் சோறும் பக்கத்தில் குழம்பும் வைத்த அரை மணி நேரத்தில் உள்ளே இருக்க முடியவில்லை. அடுப்பின் மேலுள்ள ஃபேனைப் போட்டாலும் புகை வெளியே போவதாகத் தெரியவில்லை.
– ஒரு வாசகி, டாம்பா, ஃபுளோரிடா

பதில்: அம்மா, அடுப்பின் சூட்டைவிட ஆவியே உங்கள் ஏசியை வருத்துகிறது. ஒரு லிட்டர் நீர் கொதித்து ஆவியாகி அறைக்குள் கலந்தால், அதை மீண்டும் நீராக்கி வெளியேற்றுவதற்குச் சுமார் 2,100 பி.டி.யூ. செலவாகும். உங்கள் ஏசியின் முழுத் திறனும் ஏறத்தாழப் பத்து நிமிடம் அதற்கே போய்விடும். கேஸ் எரிவதாலும் ஆவி உண்டாகிறது. ஒரு கிலோ புரோப்பேன் எரிந்தால் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் நீர் பிறக்கிறது. இட்லி, சோறு, ரசம் என்று ஆவியை நம்பியே நடக்கும் நம் சமையலை, அச்சிறிய கூண்டுக்குள் பிற்பகலில் செய்வது ஏசிக்கு மிகவும் கடினம்.

அடுப்பு ஃபேனைப் பற்றி நீங்கள் எழுதியதில் ஒரு குறிப்பு இருக்கிறது. வண்டியின் வெளிச்சுவரில், அடுப்புக்கு நேரே, சிறிய மூடி ஒன்று இருக்கும். பயணத்தில் படபடக்காமல் இருக்க அதைக் கொக்கி போட்டுப் பூட்டி வைத்திருப்பார்கள். பல குடும்பங்கள் ஆண்டுக்கணக்கில் அந்தக் கொக்கியைத் திறந்ததே இல்லை. ஃபேன் சுற்றும், காற்று போக வழியிராது. இன்றே வெளியே போய் அதைத் திறந்து பாருங்கள். அப்படி ஒரு மூடியே இல்லையென்றால், உங்களுடையது காற்றை வடிகட்டி அறைக்குள்ளேயே திருப்பி விடும் வகை. ஆவி விஷயத்தில் அதனால் பயனில்லை. அப்போது சமைக்கும் நேரத்தில் மட்டும் கூரை வென்ட் ஃபேனை ஓடவிட்டு, அடுப்புக்கு அருகிலுள்ள சன்னலை விரலளவு திறந்து வையுங்கள். சமையல் முடிந்ததும் இரண்டையும் மூடிவிட வேண்டும். இல்லாவிட்டால் அதே ஃபேன் உங்கள் குளிரையும் வெளியே இறைத்துவிடும். முடிந்தவர்கள் மின் குக்கரை வெளியே பந்தலின் கீழ் மேசை போட்டு வைத்துக்கொள்ளலாம். டிரெய்லர்களின் வெளிப்புறத்தில் அதற்கென்றே ஒரு சாக்கெட் பெரும்பாலும் இருக்கிறது.

கேள்வி: எங்கள் கேரவனில் ஏசி கூரையில் இல்லை, படுக்கைக்கு அடியிலுள்ள பெட்டிக்குள் இருக்கிறது. கணுக்கால் மட்டும் குளிர்கிறது, தலைப்பக்கம் வெந்துபோகிறது.
– ஒரு வாசகர், டவுன்ஸ்வில், ஆஸ்திரேலியா

பதில்: குளிர்காற்று கனமானது, தரையில் விட்டால் தரையிலேயே கிடக்கும். வெப்பக் காற்று தரும் ஹீட்டருக்குத் தாழ்ந்த வென்ட் பொருத்தம். குளிருக்கு அது பொருந்தாது. பெட்டிக்குள்ளிருந்து புறப்படும் நெளிகுழாய்களை அலமாரிக்குள்ளாகவோ மூலை வழியாகவோ மேலே ஏற்றி, தலைக்கு மேலுள்ள உயரத்தில் வென்ட் வையுங்கள். குழாய் எங்கும் மடங்கி நசுங்கக் கூடாது. அதைச் சுற்றிக் காப்பு உறையும் வேண்டும். படுக்கைக்கு அடியில் போர்வைகளையும் பைகளையும் திணித்துக் காற்று இழுக்கும் கிரில்லை மறைத்திருக்கிறீர்களா என்றும் பாருங்கள். நான் பார்த்தவரை இதுவே அதிகம் நடக்கும் பிழை.

இவ்வகை ஏசி, தன் வெப்பத்தை வண்டியின் அடித்தளத்திலுள்ள துளைகள் வழியாக வெளியேற்றுகிறது. மண் சாலையில் ஓடிவந்தால் அத்துளைகளில் சேறும் புல்லும் அடைத்திருக்கும். குனிந்து பார்த்துச் சுத்தம் செய்யுங்கள். வண்டியைச் சுற்றித் தரை வரை துணித் தட்டி கட்டியிருந்தால், ஏசி இருக்கும் பக்கத்துத் தட்டியை மட்டும் சுருட்டி மேலே கட்டிவிடுங்கள். இல்லையென்றால் வெளியேற்றிய வெப்பத்தையே அது மறுபடியும் இழுத்துக்கொண்டிருக்கும்.